முதலில் ஏறும் பிள்ளை

ஒரு மாணவன் பள்ளிக்கு வந்து சேரும் நேரத்தைப் பள்ளிக்கூடம் குறித்துக்கொள்கிறது. அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்தை எந்தப் பதிவேடும் குறித்துக்கொள்வதில்லை. இரண்டிற்கும் இடையே கழிகின்ற பொழுது எவருடைய கணக்கிலும் சேராத பொழுதாகும். பட்டணத்துப் பிள்ளைக்கு அது பத்து நிமிடமாக இருக்கலாம். நெகிரி செம்பிலானின் உட்புறத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் பிள்ளைக்கோ, பேருந்துக்காக நிற்பதும் பேருந்தில் அமர்ந்திருப்பதுமாக, ஒரு மணி நேரமாகவும் இருக்கக்கூடும். காலையில் ஒரு மணி, திரும்புகையில் ஒரு மணி எனக் கொள்வோம். பள்ளி நாள்கள் இருநூறு என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் நானூறு மணி நேரம் சாலையிலே கழிகிறது. அரைமணி நேரப் பாடவேளையாக இதனை வகுத்தால் எண்ணூறு பாடவேளைகள் ஆகும். ஒரு பிள்ளை எண்ணூறு பாடங்களுக்கு வராமற்போனால் பள்ளி கலங்கும்; பெற்றோரை அழைத்து வினவும். சாலையில் தொலைந்த எண்ணூறு பாடவேளைகளைப் பற்றி வினவுவார் இலர்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சற்றே பின்னோக்க வேண்டும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டில் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயம் கடற்கரையை அடைவதற்கு அது வழிசெய்தது. பின்னர்க் காடழித்து இரப்பர் நட்டபோது, தோட்டத்துச் செம்மண் பாதைகள் பால்மரக் காட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து பெருஞ்சாலைக்கும் போடப்பட்டன. பால் ஆலைக்குச் சேர்வதற்கும் சரக்கு பட்டணத்திற்குச் சேர்வதற்கும் அமைந்த பாதைகள் அவை. பிள்ளை பள்ளிக்குச் சேர்வதை எண்ணி எவரும் பாதை வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்ற கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. கட்டடம் எளியதாயினும், ஆசிரியர் ஒருவரேயாயினும், பள்ளி லயத்திற்கு அருகிலேயே இருந்தது. மணியோசை கேட்ட பின்னர்ப் புறப்பட்டாலும் போய்ச் சேரலாம்.

காலம் மாறிற்று. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சிரம்பான், நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலம் நகர நிலமாக மாறியதைக் கண்ணாரக் கண்டவர் பலர் உளர். குடும்பங்கள் பெயர்ந்தன. பிள்ளைகள் குறைந்த பள்ளிகள் சில மூடப்பட்டன. சில வேறிடத்திற்குச் சென்றன. இன்றும் மாநிலத்தில் அறுபதுக்குக் குறையாத தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு தோட்டத்திற்கு வெளியே நிற்பவையும் உண்டு. பிள்ளையைத் தேடிப் பள்ளி வந்த காலம் போய், பள்ளியைத் தேடிப் பிள்ளை போகும் காலம் வந்தது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போவோர்க்கு அந்தத் தேவை முன்பே இருந்தது. தோட்டத்து லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டு பட்டணத்துப் பள்ளிக்குச் சென்ற தலைமுறை ஒன்று இம்மாநிலத்தில் இன்னும் வாழ்கிறது. லாரி போய்ப் பேருந்து வந்தது. நிற்றல் மட்டும் மாறவில்லை. தோட்டத்தார் ‘சிம்பாங்’ என்று சொல்லும் சாலைச் சந்தியில், விடியாத வேளையில், புத்தகப் பையோடு பிள்ளைகள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் நன்கு படித்துப் பல்கலைக்கழகம் புகுகிறான். நீலாயில் இன்று பல்கலைக்கழகங்கள் உண்டு. மாநில எல்லையைக் கடந்தவுடன் பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம் இருக்கிறது. அங்கும் விடுதி ஓரிடத்தில், விரிவுரை மண்டபம் வேறோரிடத்தில், நூலகம் மற்றோரிடத்தில். அங்கும் பேருந்து, அங்கும் காத்திருத்தல். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் இருக்கின்றனர். தம் கண்முன் நிற்கும் வரிசையைக் கண்டு, ‘இது ஏன் இவ்வாறு நீள்கிறது?’ என்று வினவ அவர்களால் முடியும். உலகின் பல வளாகங்களில் அவ்வாறு வினவியிருக்கிறார்கள், விடையும் கண்டிருக்கிறார்கள். அந்த விடைகள் தோட்டத்துச் சந்திக்கும் பொருந்துமா என்பதே இங்கு எண்ணத்தக்கது.

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தெரிந்து செயல்வகை நாற்பத்தேழாவது, வலியறிதல் நாற்பத்தெட்டாவது, காலமறிதல் நாற்பத்தொன்பதாவது, இடனறிதல் ஐம்பதாவது. அரசனுக்குச் சொன்னவை அவை. எனினும் ஒரு பேருந்துச் சேவையைச் செம்மைப்படுத்த முனைவோர்க்கும் இவற்றைக் காட்டிலும் பொருத்தமான தலைப்புகள் கிடைப்பது அரிது. எத்தனைபேரைச் சுமக்கவேண்டும், எத்தனைபேரைச் சுமக்க முடியும் என்பது வலி. எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பது காலம். எந்தச் சாலையில், எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பது இடன். இம்மூன்றையும் தெரிந்துகொண்டு செய்வதே செயல்வகை.

முதலாவது வலி. போக்குவரத்து ஆராய்ச்சி பெரிய கருவிகளோடு தொடங்குவதில்லை, எண்ணுவதில் தொடங்குகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனைபேர் ஏறினர், எத்தனைபேர் இறங்கினர், எத்தனைபேர் இடமின்றி விடப்பட்டனர் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதே அதன் முதற்படி. வளாகங்களில் இவ்வாறு எண்ணிப் பார்க்கும்போது பேருந்து போதாமைக்குப் புதிய காரணம் ஒன்று புலப்படுவதுண்டு. எல்லா விரிவுரைகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால், நாள் முழுவதும் பாதி வெறுமையாக ஓடும் பேருந்து அந்த அரைமணியில் மட்டும் நிரம்பி வழியும். அவ்விடத்தில் குறைவது பேருந்தன்று, கால ஒழுங்கே. தோட்டத்து நிலையும் இத்தகையதே. தமிழ்ப்பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்குமாயின், ஒரே பேருந்து இரு நடை ஓட முடியாது. ஒரு பள்ளிக்கு வாயிற்கதவை முன்னரே திறந்து வைக்க இயலுமாயின், முதல் நடையில் வரும் பிள்ளைகள் பாதுகாப்பாக உள்ளே அமர்ந்து படித்திருப்பர். பேருந்து இரண்டாம் நடைக்குத் திரும்பும். இதனை அறிய வேண்டுவது பள்ளியும் பேருந்து நடத்துநரும் ஒரே மேசையில் அமர்வது ஒன்றே.

அடுத்தது காலம். ஒரு மணி நேரத்தில் மூன்று பேருந்துகள் ஒரு நிறுத்தத்தைக் கடக்கின்றன எனக் கொள்வோம். இருபது நிமிடத்திற்கு ஒன்றாக அவை வந்தால், நினைத்தபோது வந்து நிற்கும் பயணி சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். அதே மூன்று பேருந்துகள் ஐந்து, பத்து, நாற்பத்தைந்து நிமிட இடைவெளியில் வந்தாலோ, சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழப் பதினெட்டு நிமிடமாக உயர்ந்துவிடும். பேருந்து குறையவில்லை, எண்ணெய் குறையவில்லை, ஓட்டுநர் குறையவில்லை. குறைந்தது ஒழுங்கு ஒன்றே. நீண்ட இடைவெளியில்தான் மிகுதியான மக்கள் வந்து சேர்வர். ஆதலால் நீண்ட இடைவெளியின் துன்பத்தை அனுபவிப்போரே மிகுதியாவர். ‘ஒரு மணிக்கு மூன்று பேருந்து விடுகிறோம்’ என்று நடத்துவோர் சொல்வதும் உண்மை. ‘எப்போது வந்தாலும் நிற்க வேண்டியிருக்கிறது’ என்று பயணி சொல்வதும் உண்மை. ஒருவர் பேருந்தை எண்ணுகிறார். மற்றவர் நிமிடத்தை எண்ணுகிறார்.

இவ்வொழுங்கு கெடுவது யாருடைய சோம்பலாலும் அன்று என்பதை நியூவெல், பாட்ஸ் என்னும் இருவர் 1964ஆம் ஆண்டிலேயே கணித வழியில் விளக்கினர். ஒரு பேருந்து சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் பெருகிவிடுகிறது. கூட்டத்தை ஏற்றுவதற்குள் தாமதம் மேலும் கூடுகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றுவதற்கு ஆளில்லை. அது விரைந்து முன்னதை நெருங்குகிறது. இறுதியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதன்பின் நெடுநேரம் சாலை வெறுமையாகக் கிடக்கிறது. சிறு தாமதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் ஓட்டுநரைக் கடிந்துகொள்வதால் பயன் விளையாது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் வளாகப் பேருந்தில் இதற்கொரு மாற்று முயன்று பார்க்கப்பட்டது. ஜான் பார்த்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் என்னும் இருவர் அதனை வகுத்து 2012இல் வெளியிட்டனர். அவர்கள் கால அட்டவணையையே விலக்கிவைத்தனர். குறிப்பிட்ட ஓரிடத்திற்கு வந்த பேருந்து, தனக்குப் பின்னால் வரும் பேருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிறிது நின்று புறப்படவேண்டும், அவ்வளவே விதி. பின்னால் இருப்பது மிகவும் பிந்தியிருந்தால் சற்று மிகுதியாக நிற்கும். நெருங்கி வந்திருந்தால் உடனே புறப்படும். இவ்விதியைப் பின்பற்றும்போது இடைவெளிகள் தாமே சமமாகிவிடும் என்பதை அவர்கள் நிறுவினர். முன்னால் ஓடுபவன் பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்த்து நடந்தால் கூட்டம் முழுவதும் ஒழுங்காகும் என்பது இதன் உட்பொருள். ஒரு சமுதாயத்திற்கும் பொருந்தக்கூடிய பாடம் அது.

ஆயின் தோட்டத்துச் சாலையில் மூன்று பேருந்துகள் ஏது? ஒன்றுதான் உண்டு. அது வராவிட்டால் அன்றைக்குப் பள்ளி இல்லை. ஆகவே தோட்டத்தைப் பொறுத்தவரை காலத்தைக் காட்டிலும் இடனே பெரிய வினாவாகிறது.

இடன் பற்றிய ஆராய்ச்சியில் 1964ஆம் ஆண்டில் கிளார்க், ரைட் என்போர் எழுதிய முறை இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. அதனைத் தோட்ட வழக்கில் சொல்லலாம். ஒரு தோட்டம் பள்ளியிலிருந்து எட்டு கிலோமீட்டர். மற்றொன்று ஒன்பது கிலோமீட்டர். இரண்டிற்கும் இடையே மூன்று கிலோமீட்டர். தனித்தனியே போய்வந்தால் பதினாறும் பதினெட்டுமாக முப்பத்துநான்கு கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நடையில் இணைத்தால் எட்டும் மூன்றும் ஒன்பதுமாக இருபது கிலோமீட்டர். பதினான்கு கிலோமீட்டர் மிச்சம். இவ்வாறு எந்த இரண்டை இணைத்தால் மிச்சம் மிகுதியோ அவற்றை முதலில் இணைத்துக்கொண்டே செல்வதுதான் அம்முறை. பள்ளிப் பேருந்துத் தடங்களைக் கணிப்பொறியால் வகுக்கும் முயற்சியும் 1969ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

கணிப்பொறி இல்லாதவர் என் செய்வர்? இதே பார்த்தோல்டி தம் நண்பர்களோடு 1983இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு விடையாகும். அட்லாண்டாவில் நடமாட இயலாத முதியோர்க்கு நாள்தோறும் வீடுதேடி உணவு கொண்டுசெல்லும் தொண்டு நிறுவனம் ஒன்றிற்காகச் செய்யப்பட்டது அது. அந்நிறுவனத்திடம் கணிப்பொறி இல்லை. உணவு பெறுவோர் பட்டியலோ அடிக்கடி மாறும். ஆய்வாளர்கள் நகரின் வரைபடத்தின்மேல் எல்லாப் பகுதிகளையும் தொட்டுச் செல்லும் ஒரே வளைகோட்டை அமைத்தனர். ஒவ்வொரு வீடும் அக்கோட்டில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதற்கு ஓர் எண். அந்த எண்ணை எழுதிய அட்டைகளை வரிசையாக அடுக்கினால் அதுவே தடம். ஒருவர் விலகினால் அட்டையை எடுத்துவிடலாம். புதியவர் சேர்ந்தால் உரிய இடத்தில் செருகலாம். வண்டிகள் நான்கென்றால் அட்டைக்கட்டை நான்காகப் பிரிக்கலாம். மிகக் குறுகிய தடத்தைவிட இம்முறையில் கிடைக்கும் தடம் சராசரியாகக் கால்பங்கு நீளமாக இருக்கும். ஆனால் ஓர் அட்டைப் பெட்டியும் ஒரு வரைபடமும் போதும். தமிழ்ப்பள்ளி ஒன்றின் கணித ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டே செய்துவிடக்கூடிய செயல் இது. லாபுவிலோ சிலியாவிலோ பகாவிலோ உள்ள ஒரு பள்ளி, தன் பிள்ளைகளின் வீடுகளை ஒரு படத்தில் குறித்துப் பார்த்தால், பேருந்து இப்போது செல்லும் வரிசை பழக்கத்தால் வந்ததா, தேவையால் வந்ததா என்பது ஒரே பிற்பகலில் விளங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன பதினான்கு கிலோமீட்டர் மிச்சம் எங்கிருந்து வந்தது? முதல் தோட்டத்துப் பிள்ளை முன்பு எட்டு கிலோமீட்டரில் பள்ளியை அடைந்தான். இணைத்த பின்னர் அவன் மூன்றும் ஒன்பதுமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் செல்கிறான். எண்ணெயில் மிச்சமானதில் ஒரு பகுதி பிள்ளையின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். சிக்கனம் தேவைதான். பேருந்துக் கட்டணம் கூடினால் அதைச் செலுத்துவதும் அதே பிள்ளையின் பெற்றோர்தாம். ஆயினும் எவரிடமிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதை அறிந்து எடுப்பது வேறு; அறியாமல் எடுப்பது வேறு.

செலவே இன்றி நீதி செய்யக்கூடிய இடமும் ஒன்று உண்டு. பள்ளியும் மூன்று தோட்டங்களும் ஒரு வட்டச் சாலையில், பத்துப் பத்து நிமிட இடைவெளியில் இருக்கின்றன எனக் கொள்வோம். காலையில் பேருந்து முதல் தோட்டத்தில் தொடங்கி, இரண்டாவது, மூன்றாவது என்று ஏற்றிக்கொண்டு பள்ளியை அடைகிறது. முதல் தோட்டத்துப் பிள்ளைக்கு முப்பது நிமிடப் பயணம், இரண்டாவதற்கு இருபது, மூன்றாவதற்குப் பத்து. பள்ளி விட்டபின் பேருந்து வந்த வழியே திரும்பிச் செல்லுமாயின், முதலில் ஏறிய பிள்ளை கடைசியில் இறங்குவான். அவனுக்கு நாளொன்றுக்கு அறுபது நிமிடம். மூன்றாம் தோட்டத்துப் பிள்ளைக்கோ இருபதே நிமிடம். மாறாக, காலையில் சுற்றிய அதே திசையில் பிற்பகலிலும் சுற்றினால், முதலில் ஏறியவன் பத்து நிமிடத்தில் முதலில் இறங்குவான். மூவருக்கும் நாளொன்றுக்கு நாற்பது நாற்பது நிமிடமாகச் சமமாகிவிடும். பேருந்து ஓடிய தூரம் இரு முறையிலும் ஒன்றே. எண்ணெய் ஒன்றே, ஓட்டுநரின் வேலை நேரமும் ஒன்றே. பயண நேரத்தின் சராசரியும் இரண்டிலும் இருபது நிமிடமே! சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் வேறுபடா. ‘அந்த முதற்பிள்ளை யார்?’ என்று கேட்பவர்க்கே வேறுபாடு தெரியும்.

எல்லாத் தோட்டங்களிலும் வட்டச் சாலை இராது. உள்ளே சென்ற வழியிலேயே திரும்பவேண்டிய தோட்டங்கள் பல. அங்குத் திசையை மாற்றிப் பயனில்லை. ஆயினும் பெருஞ்சாலையின் இருபுறமும் இரு கிளைப்பாதைகள் இருந்தால், ஒரு வாரம் ஒன்றிலும் மறுவாரம் மற்றொன்றிலும் முதலில் நுழையலாம். துன்பத்தை நீக்க முடியாதபோது அதனைப் பகிர்ந்துகொள்வதும் அறமே.

கணக்கு மட்டும் போதுமா என்னும் வினாவிற்குப் பாஸ்டன் நகரம் விடை தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் 2017இல் அந்நகரின் பள்ளிப் பேருந்துத் தடங்களைக் கணிப்பொறியால் மறுபடி வகுத்தனர். ஏறத்தாழ ஐம்பது பேருந்துகள் குறைந்தன. ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கிடப்பட்டது. அடுத்தபடியாகப் பள்ளிகள் தொடங்கும் நேரங்களையும் மாற்றியமைக்க ஒரு திட்டம் வந்தது. கணித வகையில் அது சிறந்ததே. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் பெற்றோர் கொதித்தெழுந்தனர். வேலைக்குச் செல்லும் தாய், பிற்பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, இளையவனை அழைத்துவரும் அக்காள் ஆகியோரின் பொழுதுகள் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. திட்டம் கைவிடப்பட்டது. தடங்களை மாற்றியது நிலைத்தது. வாழ்க்கையை மாற்ற முனைந்தது நிலைக்கவில்லை.

தோட்டத்தில் இவ்வுண்மை இன்னும் கூர்மையானது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாயும் தந்தையும், பேருந்து வரும்வரை பிள்ளையோடு நிற்க இயலாதவர்கள். பேருந்தின் நேரத்தைக் கால்மணி முன்னே தள்ளினால், அந்தக் கால்மணி நேரம் ஒரு சிறுமி இருளில் தனித்து நிற்கும் நேரமாகலாம். பின்னே தள்ளினால் அவள் பூட்டிய வீட்டின் வாயிலில் அமர்ந்திருக்கும் நேரமாகலாம். எந்த வரைபடத்திலும் இது தெரியாது. அந்தத் தாயைக் கேட்டால் மட்டுமே தெரியும். தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரம் ஏனைய மூன்றிற்கும் முன்னே நிற்பதன் நயம் இங்கே விளங்குகிறது.

ஆகவே தமிழாசிரியர் செய்யக்கூடியது சிறிது. ஆயினும் அதனை அவரன்றிப் பிறர் செய்யார். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்து, ஒரே ஒரு வாரத்திற்கு, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்தை எழுதச் செய்யலாம். உயர்வகுப்பு மாணவர் அதனைக் கூட்டிக் கழித்துப் படமாக வரையட்டும்; கணிதப் பாடம் தம் வாழ்வைத் தொடுவதை அவர்கள் அன்று உணர்வார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அப்படத்தைப் பேருந்து உரிமையாளர் முன்னே விரிக்கட்டும். ‘பேருந்து சரியில்லை’ என்ற குறையை அவர் பன்முறை கேட்டிருப்பார். ‘இந்தப் பிள்ளைக்கு அறுபது நிமிடம், இந்தப் பிள்ளைக்கு இருபது, திசையை மாற்றினால் இருவர்க்கும் நாற்பது, உமக்குச் செலவு இல்லை’ என்ற சொல்லை அவர் இதற்குமுன் கேட்டிருக்கமாட்டார். குறை கூறுவோர்க்குக் கதவு அடைபடும். கணக்கோடு வருவோர்க்கு நாற்காலி போடப்படும்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் தோட்டத்து இளைஞர்க்கும் இதில் பங்குண்டு. வளாகத்தில் பேருந்து பிந்தும்போது கைப்பேசியில் அது எங்கே வருகிறது என்று பார்க்கும் வசதி இன்று பெருகிவருகிறது. அந்த வசதியைப் பார்த்தவுடன், அது எட்டாத சந்தி ஒன்று அவர்கள் நினைவிற்கு வரவேண்டும். முன்னே செல்லும் பேருந்து பின்னே வருவதை நோக்கி நின்று புறப்படுவது ஓர் ஆய்வின் விதியாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து முதலில் ஏறிப்போன பிள்ளைகளுக்கு அது கடமையாகும்.